போடி மலையும் வழிகாட்டிகளும்: ஒரு வரலாற்றுப் பார்வை

'மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்று ஒரு பழமொழி உண்டு. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் மலையில் ஒரு துணை தேவை என்பதுதான் இதன் பொருள். அந்தத் துணை இன்று காசு கொடுத்து அமர்த்திக் கொள்ளும் ஒரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. வழிகாட்டி, டிரெக்கிங் கைடு, மவுண்டன் கைடு என்று பல பெயர்கள். அவரை அமர்த்தும்போது எவ்வளவு கேட்கிறார், வழி தெரியுமா என்ற இரண்டு கேள்வியோடு பலரும் நிறுத்திக் கொள்கிறார்கள். இந்த இரண்டும் போதாது என்பதை வரலாறு காட்டியிருக்கிறது. அதைக் கடைசியாகக் காட்டிய இடங்களில் ஒன்று நம் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் மலை.

போடியிலிருந்து மேலே போகும் பாதைகள்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே சுவர் போல எழும் மலையைத் தாண்டினால் ஏலமலை. இந்தியாவின் ஏலக்காய் வியாபாரத்தில் போடிக்குத் தனி இடம் கிடைத்ததற்கு இந்த அமைப்பே காரணம். தோட்டம் மேலே, சந்தை கீழே. மலைச் சாலைகள் வருவதற்கு முன்னால் ஏலக்காய் மூட்டையும், அரிசி மூட்டையும், கூலியாட்களும் ஏறி இறங்கியது ஒற்றையடிப் பாதைகளில்தான். இன்று போடிமெட்டுச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்புகள் பறக்கின்றன. ஆனால் போடியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் உள்ள குரங்கணிக்குப் போனால் பழைய நடைபாதைகளை இன்றும் பார்க்கலாம். ஒன்று டாப் ஸ்டேஷனுக்கும் இன்னொன்று கொழுக்குமலைக்கும் ஏறுகிறது.

இந்தப் பாதைகளை முதலில் அறிந்தவர்கள் மலையின் மக்கள். முதுவர்கள் அவர்களில் முக்கியமானவர்கள். மதுரைப் பக்கத்திலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறி வந்தவர்கள் என்பதால் முதுவர் என்று பெயர் வந்ததாக அவர்களிடையே ஒரு மரபுக் கதை உண்டு. போடிநாயக்கனூரைத் தெலுங்கு நாயக்கர்கள் கைப்பற்றிய காலத்தில் மலைக்குப் போனவர்கள் என்ற மரபையும் 1909ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்திய குலங்கள் பற்றிய நூல் பதிவு செய்திருக்கிறது. குரங்கணியை அடுத்த முதுவாக்குடி என்ற ஊர்ப் பெயரே அவர்கள் இருப்பைச் சொல்கிறது.

கண்ணன், தேவன் கதை

மூணாறைச் சுற்றியுள்ள மலைகளுக்குக் கண்ணன் தேவன் மலை என்று பெயர். கண்ணன், தேவன் என்ற இரண்டு மூப்பர்கள் ஆங்கிலேயருக்கு வழிகாட்டினார்கள், அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். அதோடு சேர்த்து, திப்பு சுல்தானை மறிப்பதற்காக ஆர்தர் வெல்லெஸ்லி 1790ல் போடி வழியாகப் படையோடு மலையேறினார் என்றும் சொல்வார்கள். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே வெல்லிங்டன் பிரபுதான் இந்த வெல்லெஸ்லி.

கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வருடம் இடிக்கிறது. திப்பு திருவிதாங்கூர் மீது படையெடுத்தது 1789-90ல். வெல்லெஸ்லி இந்தியாவில் கால் வைத்ததே 1797ல்தான். ஆக, வெல்லெஸ்லி வந்த கதையை வரலாறாக எடுத்துக் கொள்ள முடியாது. ஆனாலும் இப்படியொரு கதை நிலைத்து நின்றதற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து வந்த யாரும் இந்த மலையைத் தனியாகக் கடந்ததில்லை என்ற உண்மை அதற்குள் இருக்கிறது. ஏலமலையின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோ 1877ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். இத்தகைய துரைமார்களின் பெயர்கள் ஆவணங்களில் இருக்கின்றன. அவர்களுக்கு முன்னால் புதரை வெட்டிக்கொண்டு நடந்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் இல்லை.

அன்றைய வழிகாட்டி ஒரு கூலியாள். எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று முடிவெடுப்பவர் துரை. வழி மட்டும் காட்டுவது ஆளின் வேலை. இந்த ஏற்பாடு பிறகும் மனதில் தங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கம்பிவடம் வந்தது, பாதை மறந்தது

தேயிலை வந்த பிறகு மலைப்பாதையின் வேலையை இயந்திரம் எடுத்துக் கொண்டது. 1902ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் ஓடத் தொடங்கியது. முதலில் ஒற்றைத் தண்டவாளம், 1908ல் இரண்டடி அகல ரயில் பாதை. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அந்த இடத்துக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அழிந்து போனது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928ல்.

சாலையும் ரயிலும் வளர வளர நடைபாதைகள் தோட்டத் தொழிலாளர்களுக்கும் மலை மக்களுக்கும் மட்டுமே உரியவையாகச் சுருங்கின. பின்னர் நகரத்து இளைஞர்கள் வார விடுமுறையில் அதே பாதைகளைத் தேடி வந்தார்கள். பொழுதுபோக்காக மலையேறும் பழக்கம் இப்படித்தான் இங்கே பரவியது. ஆனால் அந்தப் பழக்கத்தோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய ஒன்று மட்டும் வர நாளாயிற்று. அதுதான் முறைப்படுத்தப்பட்ட வழிகாட்டித் தொழில். அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்து கொள்ள போடியை விட்டுக் கொஞ்சம் தூரம் போக வேண்டும்.

ஷாமோனி, 1820

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங் சிகரத்தின் அடியில் உள்ள ஊர் ஷாமோனி. 1786ல் அந்தச் சிகரம் முதன்முதலாக ஏறப்பட்ட பிறகு, பணக்காரப் பயணிகள் உள்ளூர் ஆட்களை அமர்த்திக்கொண்டு ஏறத் தொடங்கினார்கள். 1820 ஆகஸ்டில் ரஷ்ய அரசுப் பணியில் இருந்த டாக்டர் ஹாமெல் என்ற அறிஞர் இரண்டு ஆங்கிலேயரோடு ஏறினார். வழியில் வானிலை கெட்டது. பாறை மேடு ஒன்றில் காத்திருந்தார்கள். இறங்கி விடலாம் என்பது வழிகாட்டிகளின் எண்ணம். பயணிகளோ மேலே போகத்தான் விரும்பினார்கள். கடைசியில் காசு கொடுத்தவர் விருப்பமே நடந்தது. புதுப்பனி சரிந்தது. மூன்று வழிகாட்டிகள் பனிப்பிளவுக்குள் விழுந்து இறந்தார்கள். பயணிகள் உயிரோடு திரும்பினார்கள். இறந்தவர்களின் எலும்புகளும் உடைமைகளும் 41 ஆண்டுகள் கழித்து, 1861ல், பனியாற்றின் அடிவாரத்தில் வெளிப்பட்டன.

மறு ஆண்டே, 1821ல், ஷாமோனி வழிகாட்டிகள் சங்கம் உருவானது. உலகின் மிகப் பழைய மலை வழிகாட்டிகள் அமைப்பு அதுதான். அதன் ஏற்பாடுகளைப் பார்த்தால் விபத்தின் பாடம் புரியும். வழிகாட்டிகள் முறை வைத்து வேலைக்குப் போனார்கள். வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காக ஒருவருக்கொருவர் போட்டி போட வேண்டியதில்லை. அடிபட்டவர்களுக்கும் இறந்தவர் குடும்பங்களுக்கும் உதவப் பொது நிதி வைத்தார்கள். மோன் பிளாங் ஏறும் ஒரு பயணிக்கு நான்கு வழிகாட்டிகள் என்றுகூட ஒரு காலத்தில் விதி இருந்தது. 'இவர் மறுத்தால் என்ன, அடுத்த ஆளைக் கூட்டிப் போகிறேன்' என்று பயணி மிரட்ட முடியாத நிலை வந்தால்தான் வழிகாட்டி துணிந்து 'வேண்டாம்' என்று சொல்வார்.

மேட்டர்ஹார்ன், 1865

இரண்டாவது பாடம் 1865 ஜூலை 14ல் கிடைத்தது. எட்வர்ட் விம்பர் உள்ளிட்ட 7 பேர் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக ஏறினார்கள். இறங்கும்போது அனுபவம் குறைந்த 19 வயது இளைஞர் ஹாடோ சறுக்கி விழுந்தார். அவரோடு வழிகாட்டி மிஷேல் குரோவும் இன்னும் இருவரும் போனார்கள். கயிறு அறுந்ததால் மற்ற மூவர் பிழைத்தார்கள். அந்தக் குழு ஏறுவதற்குச் சற்று முன்புதான் வெவ்வேறு ஆட்களைச் சேர்த்து அவசரமாக உருவானது. யாருக்கு என்ன அனுபவம் என்று சரியாக எடை போடவில்லை. ஒரு குழுவின் பலம் அதன் பலவீனமான ஆளின் பலம்தான் என்பதை இதில் கண்டார்கள்.

ஆல்ப்ஸ் வழிகாட்டிகளிடம் ஒரு சிறு புத்தகம் இருக்கும். கூட்டிப் போன பயணிகள் அதில் நற்சான்று எழுதிக் கொடுப்பார்கள். இன்று இணையத்தில் கொடுக்கும் நட்சத்திரங்களுக்கு அதுதான் தாத்தா எனலாம்! ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு குறை உண்டு. சிகரம் தொட்டவர் மகிழ்ச்சியோடு எழுதுவார். பாதியில் திருப்பிக் கூட்டி வரப்பட்டவர் நன்றி எழுதுவது அபூர்வம். நல்ல வழிகாட்டியின் மிகச் சிறந்த வேலை பல நேரம் எங்கும் பதிவாவதே இல்லை.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு மரியாதை தேடித் தந்தவர்கள் ஷெர்பாக்கள். 1953ல் டென்சிங் நார்கே எவரெஸ்ட் ஏறியதை அடுத்து 1954ல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1965ல் உத்தரகாசியில் நேரு மலையேற்றக் கழகம் வந்தது. அதே 1965ல் ஆல்ப்ஸ் நாடுகள் சேர்ந்து மலை வழிகாட்டிகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பை அமைத்தன. ஆனால் இவை எல்லாம் முக்கியமாகப் பனிமலைக்கான பயிற்சிகள். போடி மலையில் பனிச்சரிவு கிடையாது. இங்கே இருப்பது யானை, காட்டெருமை, அட்டை, மூடுபனி, வழுக்குப் பாறை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தீ.

குரங்கணி, 2018 மார்ச் 11

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் இரண்டு குழுக்களாக வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக் கொண்டிருந்தார்கள். மொத்தம் 35 பேருக்கும் மேல். அதில் பெண்கள் அதிகம். பலர் தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை பார்த்தவர்கள். பிற்பகலில் மலைச்சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்தது. சிலர் அந்த இடத்திலேயே இறந்தார்கள், சிலர் தப்பிக்கப் பள்ளத்தில் குதித்து அடிபட்டார்கள், பலர் மருத்துவமனைகளில் நாட்கணக்கில் போராடி இறந்தார்கள். மொத்தம் 23 உயிர்கள் பலியாயின.

முதலில் ஓடிப் போனவர்கள் குரங்கணி மக்களும் மலை மக்களும்தான். போர்வையில் தூளி கட்டி இருட்டில் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள். விமானப் படை ஹெலிகாப்டர்கள் பிறகு வந்தன. பாதை தெரிந்தவர்களின் அருமை அன்று இரவு ஊருக்கே தெரிந்தது.

அங்கே தீ ஏன் இவ்வளவு கொடுமையானது? போடிப் பக்கச் சரிவு மழை மறைவுப் பகுதி. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஆளுயரப் புல் காயத் தொடங்கி, மாசி, பங்குனியில் வைக்கோல் போல ஆகிவிடும். சமதளத்தில் எரியும் தீயை விடச் சரிவில் மேல்நோக்கி ஏறும் தீ வேகமானது. கீழே எரியும் தழல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கி விடுகிறது. பகல் வெயிலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேல்நோக்கி வீசும். ஓடைப் பள்ளங்கள் அடுப்புக்குப் புகைபோக்கி போல வேலை செய்யும். ஆகவே தீயைக் கண்டதும் மேல்நோக்கி ஓடுபவரைத் தீ எளிதில் பிடித்து விடும். வெறும் பாறை, ஏற்கனவே எரிந்து முடிந்த தரை, நீருள்ள ஓடை, இவையே அடைக்கலம். இதெல்லாம் மலையில் வாழ்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். எந்த மாதத்தில் அந்தப் பாதையில் போகவே கூடாது என்பதும் தெரிந்த விஷயம்தான்.

குரங்கணி மலைகளில் அதற்கு முந்தைய நாட்களிலேயே ஆங்காங்கே தீ இருந்ததாகச் செய்திகள் வந்தன. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகத்தான் அனுமதி, கொழுக்குமலைக்கு இல்லை என்று வனத்துறைத் தரப்பில் சொன்னார்கள். வனச்சரகர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஏற்பாட்டாளர்கள் மீது வழக்குப் பதிவானது. ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. யார் குற்றம் என்பது ஒரு கேள்வி. அதைவிட அடிப்படையான கேள்வி வேறு. இத்தகைய பயணங்களில் தேதியும் பாதையும் சில நூறு கிலோமீட்டர் தள்ளி, நகரத்தில், வாரங்களுக்கு முன்பே முடிவாகி விடுகின்றன. பணம் கட்டியாயிற்று, பஸ் பிடித்தாயிற்று. அதன் பிறகு மலையடிவாரத்தில் கூடச் சேரும் உள்ளூர் ஆள் 'இன்று வேண்டாம்' என்று சொன்னால் யார் கேட்பார்கள்? மன்றோ காலத்துக் கூலியாளின் நிலை அப்படியே தொடர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு

ஷாமோனியில் 1820 விபத்துக்குப் பின் நடந்தது போல இங்கும் சில மாற்றங்கள் வந்தன. 2018லேயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வெளியிட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மலையோர ஊர்களையும் பழங்குடிச் சமூகங்களையும் சேர்ந்த 300க்கும் மேற்பட்டவர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுக்கப்பட்டது. தேனி மாவட்டத்தின் குரங்கணி - சாம்பலாறு பாதையும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றது. 2025ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்று பாதைகள் மூடப்பட்டன. மலைக்காரர் தனியாகச் சொன்னால் எடுபடாத 'வேண்டாம்' இப்போது அரசாங்க உத்தரவாக வந்திருக்கிறது.

அமர்த்தும் முன் கேட்க வேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து, வழிகாட்டி ஒருவரை அமர்த்தும் முன் தெரிந்து கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தொகுக்கலாம்.

1. அனுமதி எந்தப் பாதைக்கு? அனுமதிச் சீட்டில் இருக்கும் பாதையும் நடக்கப் போகும் பாதையும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். போடி மலையில் இது மிக முக்கியம். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து வருகிறது. ஒரே மலையில் இரண்டு மாநில வனத்துறைகள். ஒன்றின் சீட்டு மற்றொன்றில் செல்லாது.

2. வழிகாட்டி யார், ஏற்பாட்டாளர் யார்? பணம் வாங்குபவர் ஒருவர், கூட நடப்பவர் வேறொருவர் என்றால், நடப்பவரின் பயிற்சியைப் பற்றிக் கேட்க வேண்டும். முதலுதவி தெரியுமா, அந்தப் பாதையில் அந்தப் பருவத்தில் நடந்திருக்கிறாரா என்று கேட்பது தவறில்லை.

3. எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டி? நீண்ட வரிசையின் முன்னால் ஒருவர் மட்டும் போனால் கடைசியில் வருபவருக்கு வழிகாட்டியே இல்லை என்று அர்த்தம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்பது குறைந்தபட்சத் தேவை.

4. கூட வருபவர்களின் அனுபவம் என்ன? உடல்நிலையையும் அனுபவத்தையும் விசாரிக்காமல் பணம் மட்டும் வாங்கிக் கொள்பவர் மேட்டர்ஹார்ன் பாடத்தைப் படிக்காதவர்.

5. தப்பும் வழி எது? தீ, மழை, காயம் என்று வந்தால் எங்கே ஒதுங்குவது, எந்த ஊர் பக்கம், செல்போன் எடுக்காத இடத்தில் தகவல் எப்படிப் போகும் என்பதற்குப் புறப்படும் முன்பே பதில் இருக்க வேண்டும். எத்தனை பேர், எப்போது திரும்புவார்கள் என்ற விவரம் கீழே ஒருவரிடமாவது இருக்க வேண்டும்.

6. திரும்பி வந்தால் பணம் என்னாகும்? இதைப் பலர் கேட்பதில்லை. பாதியில் திரும்பினால் வழிகாட்டியின் கூலி போய்விடும் என்றால் அவர் திரும்பத் தயங்குவார். கட்டிய பணம் பயணிக்கு முழுவதும் போய்விடும் என்றால் பயணி பிடிவாதம் பிடிப்பார். கூலி உறுதியாக இருக்கும்போதுதான் இருவருக்கும் புத்தி தெளிவாக இருக்கும்.

7. கடைசியாக, 'எந்த நிலைமையில் திரும்பி விடுவீர்கள்?' என்று வழிகாட்டியிடம் நேராகக் கேட்க வேண்டும். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், நான் பாத்துக்கறேன்' என்று சொல்பவரை விட, 'புகை தெரிஞ்சா ஏற மாட்டேன், மூணு மணிக்குள்ள அந்தப் பாறையைத் தாண்டலேன்னா திரும்பிருவேன்' என்று சொல்பவர் நம்பிக்கைக்கு உரியவர்.

முடிவுரை

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வழி காட்டுவதற்கான கூலி மட்டுமல்ல. வழி காட்ட இன்று வரைபடமும் ஜி.பி.எஸ். கருவியும் இருக்கின்றன. வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஒருவரிடம் ஒப்படைப்பதற்காகக் கொடுக்கும் பணம் அது. ஷாமோனியில் மூன்று வழிகாட்டிகளின் உயிருக்குப் பிறகு இது விளங்கியது. குரங்கணியில் 23 பேரின் உயிருக்குப் பிறகு விளங்கத் தொடங்கியிருக்கிறது. போடி மலை எங்கேயும் போய்விடாது. இந்த வாரம் மூடியிருந்தால் மழைக்குப் பிறகு திறக்கும். வழிகாட்டி திரும்பலாம் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் திரும்ப வேண்டும். அதற்கு மனமில்லாதவர் எவ்வளவு நல்ல வழிகாட்டியை அமர்த்தினாலும் பயனில்லை.